சம்பந்திக்கு ஏற்றிய கொடி

கார் வந்து நின்றபோது எங்கள் வீட்டு வளவுக் கொடிக்கம்பத்தின் உச்சியில் இத்தாலியக் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஹென்னிங் வேலியில் இரண்டு கையையும் ஊன்றி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை இறக்கவேண்டும்,” என்றார் என் கணவரிடம், டேனிஷில். “வேறு நாட்டுக் கொடியைக் கம்பத்தில் ஏற்றக்கூடாது. சட்டம். யாராவது பொலிசுக்குச் சொன்னால் உனக்குத்தான் கரைச்சல்.”

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிரெடெரிசியாவில் காற்றுக்குக் குறைவில்லை. கடலிடுக்கைத் தாண்டி வந்த காற்று அந்தக் கொடியை ஒரு சுருக்கமும் இல்லாமல் விரித்துக் காட்டியது. பச்சை, வெள்ளை, சிவப்பு. தெரு முனையில் நிற்கிறவனுக்கும் தெரியும்.

கார்க் கதவு திறந்தது. முதலில் லூக்கா இறங்கினான். எங்கள் மகள் ஆரணி கட்டுவதாக இருக்கிற பெடியன். தாய் தகப்பனை பில்லுண்ட் விமான நிலையத்தில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். பின் கதவால் தாய் கார்லா இறங்கினார். கடைசியாகத் தகப்பன் புரூனோ. நல்ல உயரம், நரைத்த மீசை, கோட்டுக் கழுத்தில் அதே மூன்று நிறத்தில் ஒரு சின்ன ஊசி.

புரூனோ கொடியைப் பார்த்தார். ஹென்னிங்கைப் பார்த்தார். பிறகு பொரித்த ரோல்ஸ் தட்டோடு கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார்.

இவரும் கம்பமும்

இந்தத் தொடரை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு இவரைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், இவர் என்றால் என் கணவர் சிவநேசன். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இன்னும் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டை வாங்கப் பார்க்க வந்த அன்று நான் சமையலறையைப் பார்த்தேன். இவர் வளவில் நின்ற கொடிக்கம்பத்தைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும்.

டென்மார்க்கில் கொடி அரசாங்கத்துச் சாமான் இல்லை. பிறந்தநாள் கேக்கில் குத்துவார்கள். விமான நிலையத்தில் மகனோ மகளோ வந்து இறங்கினால் கையில் பிடித்து ஆட்டுவார்கள். நான் முதன்முதல் வேலைக்குப் போன காலத்தில், என் பிறந்தநாளன்று, சாப்பாட்டு மேசையில் என் கோப்பைக்கு முன்னால் ஒரு குட்டிக் கொடி நின்றது. பயந்துபோனேன். எழும்பி நின்று ஏதும் சத்தியம் செய்யவேண்டுமோ என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். கேக்கை வெட்டு என்றாள்.

இவர் அந்தப் பழக்கத்தை டேனிஷ்காரரை விடக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார். ஆரணியின் பிறந்தநாளுக்குக் கொடி, சித்திரை வருசத்துக்குக் கொடி, ஒருக்கால் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி முடிந்ததற்கும் கொடி. எல்லாம் டென்மார்க் கொடிதான். பொழுதுபட முன்னர் இறக்கி, நிலத்தில் படாமல் மடித்து, அலுமாரியில் பட்டு வேட்டிக்கு மேல் வைப்பார்.

அதனால் சம்பந்தி வருகிறார் என்றதும் இவருடைய மூளை இப்படி ஓடியது. நிறைகுடம் வைப்பது எங்கள் பழக்கம். கொடி ஏற்றுவது இந்த நாட்டுப் பழக்கம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் வருகிற மனிசன் குளிர்ந்துபோவார்.

“அவர் கொடிப் பைத்தியம் எண்டு உம்மட தங்கச்சி தானே சொன்னவ,” என்றார். “அப்ப அவற்ற கொடியையே ஏத்துவம்.”

“கண்டறியாத கொடி,” என்றேன். “பேசாம இருந்து தேங்காயைத் திருவித் தாங்கோ.”

திருவித் தந்தார். ஆனால் கொடியையும் வாங்கிவிட்டார். இணையக் கடையில். படுக்கை விரிப்பு அளவில் ஒன்று வந்து இறங்கியது. சீனாவில் செய்தது என்று பெட்டியில் போட்டிருந்தது.

வதனி அனுப்பிய வீடியோ

தங்கை வதனி இத்தாலியின் தெற்கே பலெர்மோவில் இருக்கிறாள். பணக்கார வீடுகளில் வயது போனவர்களைப் பார்க்கிற வேலை. இத்தாலி மொழி அவளுக்குத் தண்ணிபட்ட பாடு.

லூக்காவைப் பற்றி ஆரணி சொன்னபோது நாங்கள் துள்ளிக் குதிக்கவில்லை. ஓர்ஹூஸ் நகரில் படிக்கிற காலத்தில் பழகியவர்கள். பெடியன் அமைதி. என் கத்தரிக்காய்ப் பொரிச்ச கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். தகப்பன் வட இத்தாலியில் ஒரு சின்ன ஊரின் நகரசபை உறுப்பினர் என்றதும் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத் திரிந்தார்.

நான் தகப்பனின் பெயரை வதனிக்கு அனுப்பினேன். அடுத்த நாள் வீடியோ வந்தது. ஒரு சந்தைச் சதுக்கம். ரொட்டி விற்கிற பாண் கடைக்கு முன்னால் மேசை, குடை, கொடிகள். புரூனோ ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது.

வதனி தொலைபேசியில் வரிக்கு வரி சொன்னாள். “முதலில இத்தாலியர். வீடும் அவைக்கு, வேலையும் அவைக்கு. வள்ளத்தில வாறவையை வந்த வழியால அனுப்பவேணும். இதைத்தான் அக்கா நிண்டு கத்துறார்.”

“வள்ளம் எண்டா எங்களையும் சேர்த்தோ?”

“நாங்கள் பிளேனில வந்தனாங்கள் எண்டு அவருக்கு ஆர் போய்ச் சொல்லுறது?”

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய மகன் பலெர்மோவில் பிறந்தவன். அங்கேயே வளர்ந்து பதினெட்டு வயது முடிந்த பிறகுதான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. வகுப்புப் பிள்ளைகள் வெளிநாட்டுச் சுற்றுலா போனபோது இவன் மட்டும் வேறு வரிசையில் நின்றானாம். அந்த வாசலை இன்னும் இறுக்கவேண்டும் என்கிறது புரூனோவின் கட்சி.

கட்சியின் கதையையும் அவள்தான் சொன்னாள். தொடக்கத்தில் அவர்கள் இத்தாலியே வேண்டாம் என்றவர்களாம். வடக்கு உழைக்கிறது, தெற்கு இருந்து தின்கிறது, வடக்கைத் தனி நாடாக்கு என்று பச்சைக் கொடி பிடித்தவர்கள். மூவர்ணக் கொடியைக் கண்ணில் காட்டக்கூடாது. போகப்போகத் தெற்கத்தியாரின் வாக்கும் தேவைப்பட்டது. வடக்கு என்ற சொல்லை மெல்ல விட்டுவிட்டு, முழு இத்தாலியும் எங்கள் தாய்நாடு என்று தொடங்கினார்கள். முன்பு தெற்கத்தியாரைத் திட்டிய அதே வாயால் இப்போது கடல் தாண்டி வருகிறவர்களைத் திட்டுகிறார்கள்.

இவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். “வடக்கைப் பிரிக்கக் கேட்டவையோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யாழ்ப்பாணத்து மனிசனுக்கு அது காதில் எப்படி விழும் என்று உங்களுக்கே விளங்கும்.

இந்த வகை அரசியல் எனக்குப் புதிதில்லை. இங்கே தேர்தல் வந்தால் தெருவிளக்குக் கம்பமெல்லாம் சிரித்த முகங்கள் தொங்கும். அதில் சிலது எங்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ஹென்னிங் யாருக்கு வாக்குப் போடுகிறவர் என்பதை அவரே சொல்லியிருக்கிறார், வேலிக்கு மேலால் என் தக்காளிக் கன்றை வாங்கிக்கொண்டே. “உங்களைச் சொல்லவில்லை,” என்பார். இந்த “உங்களைச் சொல்லவில்லை”யைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஏலக்காய்ப் பேணி

ஆரணிக்கு வீடியோவைக் காட்டாமல் விடுவோம் என்று நினைத்தேன். அவள் எனக்கு முன்னரே பார்த்திருந்தாள்.

வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அவர்கள் வருகிற அன்று காலை தமிழ் வந்தது.

“என்னை என்னவும் சொல்லட்டும் அம்மா. உங்களுக்கோ அப்பாவுக்கோ அவர் ஒரு சொல்லுச் சொன்னாலும் நான் இதை இண்டைக்கே முடிச்சிடுவன். லூக்காவுக்கும் சொல்லிட்டன்.”

சொல்லிக்கொண்டே விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றினாள். அடுப்புக்கு மேல் தட்டில், தேத்தண்ணிக்குப் போடுகிற ஏலக்காயை ஒரு சில்வர் பேணியில் வைத்திருக்கிறேன். அதைத் திறந்து மோதிரத்தை உள்ளே போட்டாள்.

“இது இஞ்ச கிடக்கட்டும். எல்லாம் சரி எண்டா நானே எடுத்துப் போடுவன். இல்லாட்டி அவனிட்டக் குடுப்பன்.”

“விசர்க்கதை கதையாதை பிள்ளை.”

சொன்னால் செய்கிற பிள்ளை. அவனில் அவளுக்கு எவ்வளவு விருப்பம் என்று எனக்குத் தெரியும். அவன் பெயர் தொலைபேசியில் விழுந்தாலே முகம் மாறும். மோதிரம் கிடந்த இடத்தில் விரல் வெளிறிக் கிடந்தது. அந்தப் பேணியைப் பார்க்கவே பிடிக்காமல் அன்று விருந்தாளிகளுக்கு முதலில் கோப்பி ஊற்றுவது என்று முடிவெடுத்தேன்.

அந்த நேரம் வெளியே கம்பத்துக் கப்பி கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். மனிசன் கொடியை ஏற்றிவிட்டார்.

இது யாருடைய சட்டம்

இனி வாசலுக்கு வருகிறேன்.

சட்டம் எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்ல முடியாது. பழைய தடை ஒன்று இருந்தது. அது செல்லாது என்று ஒருமுறை செய்தி வந்தது. பிறகு அதையே புதுச் சட்டமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இவர் முதல் செய்தியைக் கேட்டார். இரண்டாவது வந்த நேரம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் இவர் முகத்தில் ஈயாடவில்லை. கம்பத்தடிக்கு ஓடினார். முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறார், கை நடுங்குகிறது, முடிச்சு இன்னும் இறுகுகிறது. அந்த நடுக்கம் எங்கே இருந்து வருகிறது என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இளந்தாரியாக இருந்த காலத்தில் ஒரு காலை, யாழ்ப்பாணத்தில் இவருடைய தெருவில் மின்கம்பியில் யாரோ ஒரு கொடியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எந்தக் கொடி, யார் கட்டியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். துவக்கை நீட்டிக்கொண்டு வந்தவர்கள் தெருவில் நின்ற ஆண்களை வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். இவரைப் பிடித்து, ஏறி இறக்கடா என்றார்கள். கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. இவர் ஏறினார். அன்று ஓடவில்லை. அதனால்தான் எனக்கு இப்படி ஒரு மனிசன் இருக்கிறார்.

புரூனோ மகனிடம் ஏதோ கேட்டார்.

“யார் ஏற்றியது என்று கேட்கிறார்,” என்றான் லூக்கா.

“நான்தான்,” என்றார் இவர், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “நீங்கள் வாறீங்கள் எண்டு. ஒரு மரியாதைக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

புரூனோ ஹென்னிங் பக்கம் திரும்பினார். லூக்கா நடுவில் நின்று மாறி மாறிச் சொன்னான்.

“உங்கள் நாட்டில் உங்கள் கொடி மட்டும்தானா?”

“கம்பத்தில் என்றால் அப்படித்தான். சில அயல் நாடுகளுக்கு விலக்கு இருக்கிறது. இத்தாலிக்கு இல்லை.”

“நல்ல சட்டம்,” என்றார் புரூனோ. சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தார். மேலே பறந்தது அவருடைய கொடி. தலையாட்டத் தொடங்கிய மனிசன் பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்போது கார்லா சிரித்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கணவனுக்கு ஏதோ சொன்னார். லூக்கா மொழிபெயர்க்காமல் நிலத்தைப் பார்த்தான். கதவடியில் இருந்து அவனிடம் வந்துவிட்ட ஆரணி அவன் கையில் கிள்ளினாள்.

“நகரசபையில் நீ கேட்டுக்கொண்டு இருப்பதும் இதைத்தானே, எங்கள் கொடியைத் தவிர வேறொன்றும் ஊரில் பறக்கக்கூடாது என்று. கிடைத்துவிட்டது, போய் இறக்கு. இப்படி அம்மா சொல்கிறார்,” என்றான் லூக்கா.

ஆரணியின் பெருவிரல் மோதிரம் இல்லாத விரலைத் தடவிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன்.

புரூனோ கோட்டைக் கழற்றிக் கார்லாவிடம் கொடுத்தார். நேரே கம்பத்தடிக்கு வந்தார். இவருடைய கையைப் பார்த்தார். அந்தக் கையின் மேல் தன்னுடைய ஒரு கையை வைத்து அமர்த்திக்கொண்டு, மற்றக் கையால் முடிச்சைத் தளர்த்தினார். பிறகு இரண்டு பேருமாகக் கயிற்றை இழுத்தார்கள்.

“நிலத்தில படாமல், நிலத்தில படாமல்,” என்றார் இவர் தமிழில். தமிழ் தெரியாத புரூனோ இறங்கி வந்த கொடியை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

வெறும் கம்பம் வடிவில்லை என்று ஹென்னிங் சொன்னார். நான் அலுமாரியில் இருந்து டென்மார்க் கொடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். கயிற்றை இழுத்து ஏற்றியது புரூனோ. ஹென்னிங்குக்கு வேலிக்கு மேலால் நாலைந்து ரோல்ஸ் கொடுத்தேன். அவர் அன்று செய்தது உதவிதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

கோப்பி மேசையில்

உள்ளே வந்து இருந்ததும் இவர் சும்மா இருக்கவில்லை.

“நீங்கள் முந்தி வடக்கைப் பிரிக்கக் கேட்டனீங்களோ?” என்று புரூனோவிடம் டேனிஷில் கேட்டார்.

மேசைக்குக் கீழால் நான் உதைத்தேன். அது லூக்காவின் காலில் பட்டது. பாவம், அவன் அதைக் கட்டளை என்று நினைத்து உடனே மொழிபெயர்த்துவிட்டான்.

புரூனோவின் முகம் சிவந்தது. பிறகு சொன்னார். இளவயதில் தன் அறைச் சன்னலில் பச்சைக் கொடி தொங்கவிட்டிருந்தாராம். பட்டாளத்தில் இருந்த தகப்பன் அதைக் கிழித்துவிட்டுக் கன்னத்தில் அறைந்தாராம். மூவர்ணக் கொடியை இந்த வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று தகப்பனோடு சண்டை பிடித்த ஆள்தானாம் புரூனோ.

“பகலில் தெற்கத்தியாரைத் திட்டி மேடையில் பேசுவார்,” என்றார் கார்லா. “பின்னேரம் எனக்குப் போன் எடுப்பார். நான் பாரி பக்கத்துப் பெண். தெற்கிலும் தெற்கு. இவருடைய தாய் எங்கள் கலியாணத்துக்கு வரவில்லை.”

புரூனோ ரோல்ஸைத் தட்டில் வைத்தார். “என் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள்,” என்றார்.

“பார்த்தனாங்கள்,” என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் வேண்டாம் என்று எழுதியிருந்தது. எனக்கு அடங்கவில்லை. “வந்தவையைத் திருப்பி அனுப்பச் சொல்லுறீங்கள். நானும் வந்தவதான். அண்டைக்கு என்னை ஆரும் திருப்பி அனுப்பியிருந்தா உங்கட மகன் இண்டைக்கு ஆரைக் கட்டுவான்?”

என் தமிழ் ஆரணியிடம் போய் டேனிஷாகி, லூக்காவிடம் போய் இத்தாலியாகி, அவரிடம் போய்ச் சேர நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க என் மகள் என்னைப் பார்க்கவில்லை. நானே கலியாணத்தைக் குழப்பிவிட்டேனோ?

புரூனோ வாயைத் திறந்தார். உங்களைச் சொல்லவில்லை என்று வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்தேன். வரவில்லை.

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நான் வந்தது வேறு ஒன்று கேட்க. ஆரணியின் வீட்டார் உங்களைப் பார்த்துவிட்டுக் கலியாணத்துக்கு மாட்டோம் என்றால் இனி நான் ஊருக்கே வரமாட்டேன் என்று லூக்கா சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. எங்கள் கலியாணப் படத்தில் என் தாய் இருந்திருக்க வேண்டிய இடம் இப்பவும் வெறுமையாகக் கிடக்கிறது. உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு என்னை வர விடுவீர்களா?”

எங்களுக்குப் பயந்திருக்கிறார் மனிசன். நாங்கள் அவருக்குப் பயந்து ரோல்ஸ் உருட்ட, அவர் எங்களுக்குப் பயந்து பிளேனில் இருந்திருக்கிறார். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதை ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

“வராம என்ன?” என்றார் இவர். “நீங்கள் தானே மாப்பிள்ளையின்ர தகப்பன். ஆனா வேட்டி கட்டவேணும்.”

வேட்டி என்றால் என்ன என்று ஆரணி கையால் இடுப்பைச் சுற்றிக் காட்டி விளக்கினாள். அவள் முகத்தில் நான் அன்று பார்த்த முதல் சிரிப்பு அது.

தேத்தண்ணி

புரூனோ மாறிவிட்டார் என்று எழுதினால் வதனி என்னை அடிக்க வருவாள். ஊருக்குப் போய்க் கொஞ்சக் காலத்தில் அதே பாண் கடைக்கு முன்னால், அதே ஒலிவாங்கியோடு நின்றார். வதனி அந்த வீடியோவையும் அனுப்பினாள். பார்த்தேன். கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. கலியாணத்தில் அவரைச் சந்திக்கும்போது திரும்பவும் கேட்பேன். சம்பந்தி என்றால் அந்த உரிமையாவது இருக்கவேண்டும்.

ஆனால் அன்று பின்னேரம் எனக்கு வேண்டியிருந்தது இத்தாலிய அரசியல் இல்லை. என் பிள்ளையின் விரல்.

கொடியை மடித்துச் சோபாவில் வைத்திருந்தோம். கொண்டுபோங்கள் என்று இவர் நீட்டினார். புரூனோ வேண்டாம் என்று தலையாட்டினார். “இங்கேயே இருக்கட்டும். எங்கள் ஊரில் அதை வைத்து நிறையச் சண்டை.” இவர் அதைக் கொண்டுபோய் அலுமாரியில் வேட்டிக்கு மேல் வைத்தார்.

தேத்தண்ணி போடுகிறேன் என்று நான் சமையலறைக்கு வந்தேன். கூடத்தில் நாலு மொழியில் சத்தம் கேட்டது. பாலைக் கொதிக்க வைத்தேன். அடுப்புக்கு மேல் தட்டில் இருந்து பேணியை எடுத்தேன். மூடியைத் திறக்கக் கொஞ்ச நேரம் மனம் வரவில்லை. பிறகு திறந்தேன்.

உள்ளே ஏலக்காய் மட்டும்தான் இருந்தது.

விரலை விட்டுத் துழாவினேன். பேணியைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். மோதிரம் இல்லை. எந்த நேரத்தில் வந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொட்டிய ஏலக்காயை அப்படியே வாரிப் பாலில் போட்டேன். அன்றைய தேத்தண்ணி எல்லாருக்கும் மூக்கில் ஏறியது.